வான்கோழிக்கு மஞ்சள் கழிச்சல், ஆம்ப்ரோலியம் கேட்கல

புழல்_புறக்கடை:
10 வார வான்கோழி 22 இருக்கு. நாட்டுக்கோழியோட ஒரே வளைப்புலதான் மேயுது. 3 நாளா கந்தக மஞ்சள்ல கழிச்சல், றெக்கையைத் தொங்கப்போட்டு ஓரமா நிக்குது, 2 செத்துடுச்சு. ரத்தக்கழிச்சல்னு நினைச்சு அதுக்கான மருந்து ஆம்ப்ரோலியம் கொடுத்தேன். போன மாசம்தான் குடற்புழு மருந்து பைப்பரசைன் ஊத்தினது. நாட்டுக்கோழிக்கு மட்டும் ஒண்ணுமே இல்லையே, எப்படி?

மூலக்கடை_வெட்:
கடைசி வரியிலயே பதில் இருக்கு தம்பி. கருந்தலை நோய் மாதிரி தெரியுது. ஹிஸ்டோமோனாஸ்னு ஓரணு ஒட்டுண்ணி. குருட்டுக்குடல் புழுவோட முட்டைக்குள்ள உட்கார்ந்து வரும். நாட்டுக்கோழி சுமக்கும், பெருசா படுக்காது. வான்கோழிக்கு ஈரலே போயிடும். ஆம்ப்ரோலியம் இதைத் தொடாது.

செத்ததை கையுறை போட்டு அறுத்துப் பாருங்க. ஈரல்ல காசு மாதிரி வட்ட வட்டமா, நடுவுல குழிஞ்ச புண். குருட்டுக்குடல் ரெண்டும் தடிச்சு, உள்ளே பன்னீர் கட்டி மாதிரி இறுகிக் கிடக்கும். தலை கறுக்குதான்னு பார்த்துட்டிருக்காதீங்க, பேருதான் அப்படி.

மணலி_தீவனம்:
பைப்பரசைன் பெரிய உருண்டைப்புழுவைத்தான் தள்ளும், குருட்டுக்குடல் புழுகிட்ட பலிக்காது. கடையில அதைத்தான் எடுத்து நீட்டுவாங்க! பென்பெண்டசோல் வேணும்: கிலோ தீவனத்துக்கு 16 மி.கி., 6 நாள். 4% பவுடர்னா கிலோவுக்கு 0.4 கிராம். ஒரு படி தீவனத்துல முதல்ல கலந்துட்டு மீதியில சேருங்க, இல்லன்னா ஒரே இடத்துல தங்கிடும். இது புழுவுக்குத்தான், படுத்த பறவையை எழுப்பாது. மெட்ரோனிடசோல் மாத்திரையை யாராவது சொன்னா, கறிக்கு வளர்க்கிறதுக்கு வேண்டாம்.

மூலக்கடை_வெட்:
நோய்ப்பட்டதை இன்னைக்கே தனியாப் பிரிங்க. புழு இல்லாமலே எச்சத்துலேருந்து ஆசனவாய் வழியா ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு ஏறும். புதுசா செத்ததை ஐஸ் பெட்டியில வெச்சு மாதவரம் பால்பண்ணை கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்க. ஃப்ரீசர்ல போட்டா திசு கெட்டு, நுண்ணோக்கியில ஒண்ணும் தெரியாது.

புழல்_புறக்கடை:
ஈரல்ல வட்டம் இருக்கு சார். நாட்டுக்கோழியை வித்துடட்டுமா?

மணலி_தீவனம்:
வித்தாலும் மண்ணு அங்கேயேதானே இருக்கு. அந்த முட்டை மண்ணுல வருஷக்கணக்கா தாங்கும், மண்புழுவும் அதை முழுங்கி வெச்சிருக்கும். ஐப்பசி மழைக்கு மண்புழு மேல வர்றப்போ வான்கோழி கொத்திக் கொத்தித் தின்னும். மிச்சம் 20ஐயும் தரையிலேருந்து தூக்கி, எச்சம் கீழே விழுற கம்பிவலைத் தளத்துக்கு மாத்துங்க. கோழி வளைப்புக்குப் போட்ட செருப்போட அங்கே ஏறாதீங்க.