புதுப்பிப்பு: சாட்சியை மயிலாடியில் தொடங்கியாச்சு

என் சாட்சியை, அதாவது என் கிறிஸ்தவ விசுவாச வாழ்க்கையின் கதையை, பிள்ளைகளுக்காக எழுதப் போகிறேன், எங்கிருந்து தொடங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "இரட்சிக்கப்பட்ட நாளிலிருந்து" என்றார்கள் பெரும்பாலோர். சரிதான், ஆனால் எனக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. தொட்டிலிலேயே ஞாயிறு ஆராதனைக்குத் தூக்கிப்போகப்பட்டவன் நான்.

அதனால் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் தொடங்கியிருக்கிறேன். அந்த ஊர்க்காரர் மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பில் 1806-இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே அங்கே வந்தார். 1809-இல் ஆலயம் எழும்பியது. கூடவே வந்த பள்ளிக்கூடம் இல்லையென்றால் எங்கள் வீட்டில் யாரும் எழுத்துக்கூட்டி வாசித்திருக்க மாட்டோம். என் கதையில் பாதி அதுதான்.

மீதிப் பாதி பாட்டியின் வேதாகமத்தில் இருக்கிறது. ஓரங்களில் பென்சில் குறிப்புகள்: யாருக்கு எப்போது ஞானஸ்நானம், எந்த வீட்டுக்கு எத்தனை மரக்கால் நெல் கடன். 121-ஆம் சங்கீதத்துக்குப் பக்கத்தில், அப்பா கப்பலேறிய தேதி மட்டும். கடனும் ஜெபமும் ஒரே பக்கத்தில் கிடப்பதை நான் பிரிக்கப் போவதில்லை.

கத்தோலிக்க இரத்தசாட்சி தேவசகாயத்தையும் சேர்க்கச் சொன்னீர்களே, சேர்த்துவிட்டேன். நாங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) தான், இருந்தாலும் 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டவரை (2022-இல் புனிதரானார்) விட்டுவிட்டு இந்த ஊரில் விசுவாசம் பற்றி எப்படி எழுதுவது?

சென்னையில் கோயில் பக்கமே போகாத வருடங்களையும் எழுதியாயிற்று. அழுது திரும்பியதாக மெருகேற்றவில்லை. வேலை மாறி ஊருக்கு வந்தேன், அம்மா கூப்பிட்டாள், போனேன், அவ்வளவுதான்.

அப்புறம், பாட்டா (தாத்தா) சபையில் உபதேசியாரான கதை சித்திக்குத்தான் தெரியும். சபையின் அசன விருந்துக்கு வருவாள், கேட்டுவிட்டு அடுத்த பகுதியைப் போடுகிறேன்.