டோனர் கார் எடுத்த அனுபவம்: எதைப் பார்த்து வாங்கினீர்கள்?

வீட்டிலேயே கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பொருத்தும் கார்) கட்டப்போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த இன்ஜின் போடலாம் என்றுதான். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய முடிவு டோனர் கார், அதாவது பாகங்களுக்காகப் பிரிக்க வாங்கும் பழைய கார். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஸ்டியரிங், ஹப், பிரேக், பெடல், வயரிங் என்று பாதி வண்டி அந்த ஒரு பழைய காரிலிருந்துதான் வரப்போகிறது. நான் இரண்டு டோனர் வாங்கினேன். முதலாவது தப்பு, இரண்டாவது சரி. இரண்டையும் எழுதுகிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நான் கட்டிக்கொண்டிருப்பது லோட்டஸ் செவன் பாணியில் ஒரு வண்டி. காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த அதே எளிய அமைப்புதான்: முன்னால் இன்ஜின், பின் சக்கரங்களுக்கு இழுவை, நடுவில் இரண்டு பேர் உட்கார இரும்புக் குழாய்க் கூடு. முன்பெல்லாம் இதற்கு ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2 எடுப்பார்கள், அப்புறம் சியரா. இப்போது நல்ல எஸ்கார்ட் கிடைத்தால் அதைக் கூறுபோட யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அதனால் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று முடிவு செய்தேன். பின் சக்கர இழுவை, நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரட்டைக் கைகள்), உதிரிப் பாகமும் தாராளமாகக் கிடைக்கிறது.

முதல் கார் 1.8 லிட்டர் இன்ஜின் வைத்தது. பெயின்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே இருக்கைகளும் புதுசு மாதிரி. இன்ஜின் மட்டும் ஓடவில்லை, பேட்டரிதான் போய்விட்டது என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இருக்கைகளைக் கழற்றி, தரை விரிப்பைத் தூக்கினால் இருக்கை ஓடும் தண்டவாளத்தை ஒட்டி நேர்கோடாக மெல்லிய சேற்றுத் தடம், கோலமாவு கொட்டினது போல. ஒரு கனெக்டரை இழுத்துப் பார்த்தேன், உள்ளே பின்கள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். தண்ணீரில் நின்ற கார். இதில் எனக்கு இன்றைக்கும் வலிக்கிற விஷயம், நான் பணம் கொடுத்தது அந்த பளபளப்புக்கு. கிட் கட்டுகிறவன் கழற்றித் தூக்கிப் போடப்போகிற பொருள் பாடி ஒன்றுதான், அதைப் பார்த்தா ஒரு காரை வாங்குவது?

இரண்டாவது கார், முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். பின்னால் யாரோ இடித்து டிக்கி நசுங்கியிருந்தது, துணிக் கூரை கிழிந்திருந்தது, கதவுக்குக் கீழே சில் பகுதியைத் துரு தின்றிருந்தது. ஆனால் ஓடியது. பிரிப்பதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்க வாய்ப்பிருந்தால் அதை விடவே விடாதீர்கள். இரண்டாவது கியர் போடும்போது கரகரக்கிறதா, காலை எடுத்ததும் டிஃபரன்ஷியல் ஊளையிடுகிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, டிராஃபிக்கில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறதா, இதெல்லாம் ஓடுகிற காரில்தான் தெரியும். கழற்றி மேசையில் வைத்த கியர்பாக்ஸ் வாய் திறக்காது.

1.6 எடுப்பவர்கள் ஒன்றை அவசியம் பாருங்கள். ஆரம்ப வருடங்களில் வந்த இன்ஜின்களில் கிராங்க் தண்டின் முன் மூக்கு குட்டை, அதில் கப்பியைப் பிடிக்கும் சாவிப் பள்ளம் தேய்ந்து கப்பி (பெல்ட் ஓடும் சக்கரம்) ஆடத் தொடங்கும். கிராங்க் கப்பியில் நான்கு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னால் திருத்தி வந்தது. டார்ச் அடித்து எண்ணிவிடலாம். இன்ஜின் ஓடும்போது கப்பி நெளிகிறதா என்றும் கவனியுங்கள். டிஃபரன்ஷியலும் 1.6இல் 6 அங்குலம், 1.8இல் 7 அங்குலம். பின்னால் பவர் ஏற்றும் எண்ணம் இருந்தால் பெரியதைத் தேடுவதுதான் நல்லது.

*

நீங்கள் சொன்ன சேற்றுத் தடத்தை நானும் பார்த்திருக்கிறேன், நல்லவேளை வாங்குவதற்கு முன்னால். நான் ஸ்பேர் டயர் இருக்கும் குழியையும் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அதன் அடி நுனியையும் பார்ப்பேன். விற்பவர்கள் விரிப்பைத் துவைப்பார்கள், பெல்ட்டின் உள்பகுதியைத் துவைக்க மறந்துவிடுவார்கள்.

என்னுடையது வேறு வழி. முன் சக்கர இழுவைக் கார் ஒன்றை வாங்கி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படியே ஒரே கட்டாக ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தேன். இப்படிப்பட்ட கார் மலிவாகவும் கிடைக்கும், எங்கும் கிடைக்கும், அதனால் பலருக்கு இந்த ஆசை வரும். ஆனால் பிரேக் விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்தக் கார்களில் எடை முழுக்க முன்னால், அதனால் முன் பிரேக் பெரியது, பின்னது சின்னது, பின்னால் போகிற அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வும் இருக்கும். இன்ஜின் பின்னால் வந்ததும் கணக்கே மாறிவிடுகிறது. சரி, முன் காலிப்பரை (பிரேக் டிஸ்கைக் கவ்வும் பாகம்) பின்னால் போடலாம் என்று போட்டேன், ஹேண்ட்பிரேக் போய்விட்டது, ஏனென்றால் அந்தக் காலிப்பரில் கேபிள் மாட்ட இடமே இல்லை. ஹேண்ட்பிரேக்குக்கு மட்டும் தனியாக இரண்டு சின்ன காலிப்பர் தேடி, அதற்குத் தாங்கி வெட்டி, பல வாரம் போனது. இந்த வழியில் போகிறவர்கள் டோனரின் பின் பிரேக் என்ன என்று முதலில் பாருங்கள். இரண்டு டிரைவ் ஷாஃப்டும் கியர் கேபிளும் காரோடு இருக்கவேண்டும், தனியாகத் தேடினால் நீளம் பொருந்தாது.

*

நான் சியரா எடுத்தவன். இயந்திரம் எல்லாம் உறுதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் வந்த ஃபோர்டின் பிண்டோ இன்ஜின் உயரம், இரும்பு, கனம். செவன் மூக்குக்குள் வைத்தால் மேலே பானட்டில் முட்டும், இறக்கினால் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) தரையைத் தொடப் பார்க்கும். கடைசியில் சம்ப்பை வெட்டி உயரம் குறைத்தேன். டோனர் வாங்குவதற்கு முன் கிட் விற்பவரிடம் எந்த வருடக் கார், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று துல்லியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வந்த கார்தானே என்று நினைக்க முடியாது, வருடம் மாறினால் மவுண்ட் மாறும்.

வயரிங்கை வெட்டாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒவ்வொரு கனெக்டரிலும் டேப் ஒட்டி எழுதி, படம் எடுத்து, முழுசாகக் கழற்றுங்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள காராக இருந்தால் சாவி, இசியு என்கிற இன்ஜின் கணினி, இம்மொபிலைசர் பெட்டி எல்லாம் ஒரே காரிலிருந்து ஒன்றாக வரவேண்டும். காரின் காகிதங்களும் அப்படியே, சேஸிஸ் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம். 1.6 வாங்கியவரே, துரு எவ்வளவு வரை பரவாயில்லை?

*

பாடியில் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, நாம் எடுத்துப் பொருத்துகிற பாகத்தில் இருக்கக் கூடாது. சப்ஃப்ரேமை (சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டம்) ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள், டங்கென்று கேட்கவேண்டும். விஷ்போன் வளைந்திருக்கிறதா என்று இடது வலது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், அதனால்தான் பின்பக்கம் இடித்த காரை வாங்கினாலும் சக்கரத்தில் அடி வாங்கிய காரை நான் தொடமாட்டேன். வீல் அலைன்மென்ட் சரிசெய்யும் போல்ட்கள் திரும்புகிறதா என்பதும் முக்கியம்.

டோனரின் ஸ்பிரிங்கை அப்படியே போடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வேண்டாம். அது ஏறக்குறைய 1,000 கிலோ காருக்கானது, நம் வண்டி 600 கிலோவை ஒட்டித்தான் வரும், கட்டையாகக் குதிக்கும்.

துருவில் என்னை உண்மையில் அழவைத்தது பின் அப்ரைட்டின் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) அடியில் போகும் நீள போல்ட். புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலோடு ஒட்டிக்கொண்டு, தலை மட்டும் திரும்புகிறது, போல்ட் வருவதில்லை. தினமும் காலையில் எண்ணெய் விடுகிறேன், மாலையில் சூடு காட்டி ஸ்பேனரைக் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. வலது பக்கம் நேற்று இரவு செம்மண் நிறத் தூளைக் கக்கிக்கொண்டு வெளியே வந்தது. இடது பக்கம் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது, இந்த வாரத்துக்குள் வரவில்லை என்றால் அந்த போல்ட்டை இரு முனையிலும் ரம்பத்தால் அறுத்துவிட்டுப் புது புஷ் போடப்போகிறேன்.