மாத்தளையில் கோகோவை மீட்கும் கூட்டுத் திட்டத்தில் சேரலாமா?

கேள்வி – உச்சிப்புளி தென்னை விவசாயி

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவை இலங்கையில் மாத்தளைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சானுக்கு அங்கே சிறிய தென்னந்தோப்பும், அதன் ஊடே அவருடைய தாத்தா வைத்த கோகோ மரங்களும் இருக்கின்றன. இலைத்துரு நோய் அந்நாட்டுக் காப்பித் தோட்டங்களை அழித்த பிறகு, தேயிலையோடு கோகோவும் அங்கே பரவியது. இன்றோ பல தோப்புகளில் மரம் நிற்கிறதே தவிரக் கிளை வெட்டிக் கவாத்துச் செய்வார் இல்லை. காய்த்ததில் பாதி குரங்குக்கும் அணிலுக்கும் போகிறது.

இப்போது ஒரு தனியார் நிறுவனம் அரசுத் துறையோடு சேர்ந்து, கன்றும் பயிற்சியும் இலவசமாகத் தருவதாகச் சொல்லி விவசாயிகளைப் பதிவு செய்கிறதாம். மச்சான் என்னிடம் யோசனை கேட்கிறார். இப்படிக் கூட்டுச் சேர்ந்து கோகோ விவசாயத்தை மீட்ட அனுபவம் எங்காவது உண்டா? அவர் எதையெல்லாம் கேட்டுத் தெளிந்த பிறகு கையெழுத்திட வேண்டும்? கூடவே, உச்சிப்புளியில் என் தோப்பிலும் இதை ஊடுபயிராக வைக்க முடியுமா?

பதில் 1 – ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்

தம்பி, உங்கள் தோப்பில் வைக்க வேண்டாம். கோகோவுக்கு ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதுவும் பல மாதங்களுக்குப் பரவலாக வேண்டும். நம் மாவட்டத்தின் சராசரி 900க்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து முடிந்துவிடும். கோடையில் உவர்த்துப்போகும் கிணற்று நீரையும் கடற்காற்றையும் நம் தென்னை தாங்கும், கோகோ தாங்காது. பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் நன்றாக வருவதைப் பார்த்து இங்கே ஆசைப்படக் கூடாது.

மாத்தளை விஷயம் வேறு. அங்கே மண்ணும் மழையும் இருக்கின்றன என்பதால், விளைந்ததை யார் வாங்குவார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இதற்குக் கேரளத்தைவிட நல்ல பாடம் இல்லை. 1970களில் அரசும் ஒரு பெரிய சாக்லேட் நிறுவனமும் ஊக்குவித்ததால், அங்கே தென்னந்தோப்பிலும் பாக்குத்தோப்பிலும் ஆயிரக்கணக்கான விவசாயிகள் கோகோ வைத்தார்கள். 1980ஐ ஒட்டி உலகச் சந்தையில் விலை சரிந்து கொள்முதல் சுருங்கியபோது, கன்று வாங்கிப் பயிற்சி பெற்றவர்களே மரங்களை வெட்டி எறிந்தார்கள். 1973இல் மங்களூரில் பாக்கு விவசாயிகள் தொடங்கியிருந்த காம்ப்கோ கூட்டுறவுச் சங்கம் கோகோவையும் வாங்க முன்வந்து, 1986இல் புத்தூரில் சொந்தமாகவே சாக்லேட் ஆலை கட்டிய பிறகுதான் எஞ்சியவர்களுக்குத் தெம்பு வந்தது. 1987இல் கேரள வேளாண் பல்கலைக்கழகமும் காட்பரி நிறுவனமும் கூட்டு ஆராய்ச்சியைத் தொடங்கின. அதிலிருந்து வந்த உயர்விளைச்சல் ரகங்களின் ஒட்டுக்கன்றுகள் பின்னர் பல மாநிலங்களுக்குப் போயின. மீட்சி அங்கே வந்தது உண்மைதான். ஆனால், வாங்குகிறவர் ஒருவரே என்ற நிலை மாறியதுதான் அதற்கு அடித்தளம் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சி எப்படி நடக்கிறது என்பதையும் மச்சான் பார்க்கட்டும். மண்டபத்தில் உட்கார வைத்துப் படம் காட்டுவது பயிற்சி ஆகாது. அவருடைய மரத்தடியிலேயே நின்று, தண்டிலிருந்து நேராக எழும் போத்துகளில் எதை நீக்க வேண்டும், எந்தக் கிளையை விட வேண்டும் என்று வெட்டிக் காட்ட வேண்டும். காயைத் திருகிப் பறிக்கிறவர்கள் பலர். தண்டில் காம்பு இருந்த அதே மேட்டில்தான் அடுத்த பூவும் வரும் என்பதால், கத்தியால் நறுக்கித்தான் எடுக்க வேண்டும். தண்டுப்பட்டை கிழிந்தால் அந்த இடம் மறுபடி காய்க்காது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்த விவசாயி மறக்க மாட்டார்.

பதில் 2 – தொண்டி, முன்பு மலேசியாவில் வேலை

ஐயா சொல்வதை நான் மலேசியாவின் சபா மாநிலத்தில் நேரில் கண்டிருக்கிறேன். மலேசியா 1990இல் ஏறக்குறைய 2.47 லட்சம் டன் கோகோ விளைவித்தது. 1989லேயே கோகோவுக்கென்று தனி வாரியம் அமைத்து, ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் குறை வைக்கவில்லை. ஆனாலும் விலை இறங்கி, காய்த்துளைப்பான் பூச்சியும் பெருகி, செம்பனை எனும் எண்ணெய்ப்பனை அதிக லாபம் தந்தபோது விவசாயிகள் மாறிப்போனார்கள்; அண்மை ஆண்டுகளில் விளைச்சல் ஆயிரம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. ஆலைகள் மட்டும் வெளிநாட்டுக் கொட்டையை அரைத்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

நிறுவனங்கள் இப்போது ஏன் ஆர்வம் காட்டுகின்றன என்பதையும் யோசியுங்கள். கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் விழுந்ததால், 2024 டிசம்பரில் ஒரு டன் விலை 12,000 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டே பெருமளவு இறங்கிவிட்டது. விலை ஏறும்போது வருகிறவர், இறங்கும்போதும் வாங்குவார் என்று எழுத்தில் இருக்கிறதா?

பதில் 3 – பனைக்குளம், சுயஉதவிக் குழு உறுப்பினர்

சகோதரரே, உங்கள் அக்காவின் பெயரும் அந்தப் பதிவில் இருக்கட்டும். காயை உடைத்து எடுத்த கொட்டையைப் புளிக்க வைப்பதும் உலர்த்துவதும் வீட்டுப் பக்கத்தில் நடக்கும் வேலை. பயிற்சிக்கு ஆணை மட்டும் அழைத்தால் பாதித் தொழில் கற்பிக்கப்படாமலே போகும். சதையோடு உள்ள கொட்டையைப் பெட்டியில் குவித்து மூடி, இடையிடையே கிளறி, ஐந்தாறு நாள் புளிக்க வைத்தால்தான் சாக்லேட்டின் மணம் பிறக்கும். குவியல் சிறிதாக இருந்தால் சூடு ஏறாது. ஆகவே நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே இடத்தில் புளிக்க வைப்பது நல்லது. சரியாகப் புளித்துக் காய்ந்த கொட்டையை நறுக்கினால் உள்ளே பழுப்பாகவும் வெடிப்பு விட்டும் இருக்கும்; சிலேட்டு நிறமாக இருந்தால் புளிக்கவில்லை என்று பொருள். தரம் பார்ப்பதை விற்கிறவரும் கற்றிருந்தால்தான், தரக்குறைவு என்று சொல்லி வாங்குகிறவர் விலையில் கழிப்பதைக் கேள்வி கேட்க முடியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. என் தோப்பில் வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். குறைந்தபட்ச விலையும் கொள்முதல் காலமும் ஒப்பந்தத்தில் எழுதப்படுமா, வேறொருவருக்கு விற்கத் தடை உண்டா என்று கேட்கும்படி மச்சானிடம் இன்று இரவே சொல்கிறேன். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசச் சொல்கிறேன். அக்காவின் பெயரைச் சேர்ப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் கேட்கச் சொல்கிறேன். குரங்குத் தொல்லைக்கு வழி கண்டவர் யாரேனும் இருந்தால் இங்கே எழுதுங்கள். மச்சானுடைய பெரிய கவலை இன்னும் அதுவாகவே இருக்கிறது.