திகில் போர்டு கேம் இரவுக்கு எந்தப் பின்னணி இசை பொருந்தும்?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
வணக்கம். சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஐந்து பேர் எங்கள் வீட்டு மாடியில் 'பெட்ரேயல் அட் ஹவுஸ் ஆன் தி ஹில்' என்ற, பேய் வீட்டை ஆராயும் போர்டு கேமை ஆடுகிறோம். சென்ற வாரம் திகில் படப் பாடல்களை ஓடவிட்டபோது, அட்டையை வாசித்தவரின் குரலே அமுங்கிப்போனது. அச்சமும் குறையாமல் பேச்சும் கெடாமல் இருக்க எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில் (தேவனாம்பட்டினம், கடலூர்):
பாடல் வரிகள் உள்ள எதையும் முதலில் நீக்கிவிடுங்கள். காதில் விழும் சொற்களும் வாசிக்கப்படும் சொற்களும் மோதும்போது மனம் இரண்டையும் தவறவிடுகிறது. அறைகளைத் திறந்து பார்க்கும் முற்பகுதியும், பெரும்பாலும் ஒருவர் துரோகியாக மாறிவிடும் பிற்பகுதியும் வெவ்வேறு மனநிலை கொண்டவை என்பதால், இரண்டு பட்டியல்கள் தேவை. முற்பகுதிக்கு நான், மீனவர்கள் வலையை மடித்துவிட்டுச் சென்ற பின்னர் எங்கள் கடற்கரையில் கைப்பேசியில் பதிவுசெய்த அலையோசையை மட்டும் வைக்கிறேன். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே வரும் அமைதியில் எல்லோரும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
பிற்பகுதிக்கு, தம்புரா சுருதியின் மீது பிரதி மத்யமத்தை ('ம' சுரத்தின் உயர்ந்த வடிவம்) நீட்டி வாசிக்கும் வயலின் மிகவும் பொருந்தும். ஷட்ஜத்திலிருந்து (அடிப்படைச் சுரமான 'ஸ') ஆறு அரைச்சுரம் தள்ளி நிற்கும் அந்தச் சுரம் எளிதில் அடங்குவதில்லை. சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபெல் என்பதால், இசை 45ஐத் தாண்ட வேண்டாம். ஸ்பீக்கரை மேசையில் வைக்காமல், ஆடுபவர்களின் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். 'மேன்ஷன்ஸ் ஆஃப் மேட்னஸ்' என்ற மற்றொரு திகில் போர்டு கேமின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பை ஆடினால் இந்த வேலையே இல்லை. அதன் செயலியே இசையைத் தருகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்றிரவே அலையோசையைப் பதிவுசெய்யக் குருசுக்குப்பம் செல்கிறேன்.