ட்வீட்டேல் குடும்பக் கடிதங்களைத் தேடுகிறேன்: எடின்பரோவில் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. 1842 முதல் 1848 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த எட்டாவது ட்வீட்டேல் மார்க்விஸ் (பிரிட்டிஷ் பிரபுப் பட்டம்), ஜார்ஜ் ஹே குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கவர்னர் பதவியோடு படைத்தலைமையும் அவர் கையில்தான் இருந்தது.

ஸ்காட்லாந்தின் ஹே குலத்தில் இவர்கள் யெஸ்டர் கிளை. 1488-இல் ஹே பிரபு, 1646-இல் ஏர்ல், 1694-இல் மார்க்விஸ் என்று படிப்படியாக ஏறிய பட்டங்கள். வெள்ளி நிறப் பின்னணியில் மூன்று சிவப்புக் கேடயங்கள்தான் குலச்சின்னம். லங்கார்ட்டிப் போரில் இந்தக் குலத்தின் முன்னோரான ஒரு குடியானவனும் அவன் பிள்ளைகளும் நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு டேனியரை விரட்டினார்களாம். சின்னத்துக்கு அதைக் காரணமாகச் சொல்கிறார்கள். நம்புவது உங்கள் பாடு!

என் தலைவலி கவர்னரின் மகன் ஆர்தர். பறவையியலாளர். முதலில் லார்ட் ஆர்தர் ஹே. 1862-இல் அண்ணன் இறந்ததும் வைக்கவுண்ட் வால்டன். 1876-இல் அப்பா போனதும் ஒன்பதாவது மார்க்விஸ். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். 1878-இல் அவரும் இறக்க, பட்டம் தம்பி வில்லியமுக்குப் போயிற்று.

இந்தக் குடும்பத்தின் யெஸ்டர் ஆவணங்கள் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அங்கே போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்: ஆர்தரின் கடிதங்களை அட்டவணையில் எந்தப் பெயரில் தேட வேண்டும்? மெட்ராஸ் காலக் கடிதங்களுக்கு நகல் கேட்டால் தபாலில் அனுப்புவார்களா, நேரில்தான் பார்க்க வேண்டுமா? கட்டணம் எவ்வளவு ஆகும்? அப்புறம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இந்தக் காலத்துக் கோப்புகளைப் பார்த்தவர்கள் இருந்தாலும் கமெண்டில் சொல்லுங்கள்.