சுரங்கச் சாலையில் குனிந்து நடப்பவர்கள்

வடகிழக்கு இங்கிலாந்தில் பிஷப் ஆக்லண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே சந்தைத் திடலில் உள்ள பழைய வங்கிக் கட்டடத்தில் 2017 முதல் சுரங்க ஓவியக் கூடம் இயங்குகிறது. டர்ஹம் பகுதிக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு மழை நாளில்தான் அதற்குள் நுழைந்தேன். நார்மன் கார்னிஷ் வரைந்த ஒரு படத்தின் முன்னால் அரைமணி நேரம் நின்றுவிட்டேன்.

கார்னிஷ் தன் 14ஆம் வயதில், 1933 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டீன் அண்ட் சாப்டர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். விபத்துகள் மலிந்த அந்தச் சுரங்கத்தை ஊரார் 'கசாப்புக் கடை' என்றே அழைத்தார்கள். 1966 வரை நிலத்தடியில் உழைத்துக்கொண்டே வரைந்தார். அவருடைய ஊரான ஸ்பென்னிமூரிலிருந்து சுரங்கத்துக்கு ஏறத்தாழ 3 மைல். அந்தச் சாலையை எத்தனையோ முறை வரைந்திருக்கிறார். கறுத்த பாதை, சாய்ந்த தந்திக் கம்பங்கள், முதுகைக் காட்டி நடக்கும் ஆட்கள். முகங்கள் தெரிவதில்லை, தொப்பியும் வளைந்த தோளுந்தான்.

"எவ்வளவு துக்கம்!" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போலும். பக்கத்தில் நின்ற பெரியவர் திரும்பினார்.

"துக்கமில்லை மகளே, காற்று."

அவரும் சுரங்கத்தில் இருந்தவர். விடியாத நேரத்தில் மேட்டுச் சாலையில் எதிர்க்காற்று அடித்தால் நிமிர்ந்து நடக்க முடியாது என்றார். இரண்டடி உயரமே உள்ள கரிப்படுகையில் பக்கவாட்டில் படுத்து வெட்டியவனுக்கு முதுகு மறுபடி நேராவதில்லை என்றார். அவர் மணிக்கட்டில் நீலக்கோடு ஒன்று ஓடியது. நரம்பு என்று நினைத்தேன். வெட்டுக்காயத்துக்குள் கரித்தூள் தங்கிவிட, அதன்மேல் தோல் மூடிய தழும்பாம். "இவன் தோளை எங்கே வளைத்திருக்கிறான் பார். கீழே இறங்காதவனால் அந்த இடத்தில் வளைக்க முடியாது" என்று படத்தைச் சுட்டினார்.

அன்றுவரை சுரங்கத்தின் வீழ்ச்சி என்றால் துருப்பிடித்த கோபுரமும் இடிந்த சுவரும் என்று எண்ணியிருந்தேன். இந்தப் படத்தில் எதுவும் இடியவில்லை. எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். ஆனால், 1951இலேயே டர்ஹம் கவுண்டியின் வளர்ச்சித் திட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கக் கிராமங்களை 'டி' வகை என்று குறித்துவிட்டது. அங்கே புதிய வீடு கூடாது, புதிய முதலீடு கூடாது. கரி தீர்ந்தால் ஊரும் தீரட்டும் என்பதே அதன் பொருள். ஒரு கிராமத்தைக் காகிதத்தில் சாகவிட்டவர்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. கார்னிஷ் வேலையை விட்ட அதே 1966இல் அவருடைய சுரங்கமும் மூடப்பட்டது. டர்ஹம் கரிவயலின் கடைசிச் சுரங்கமான மங்க்வேர்மவுத் 1993இல் முடிந்தது. அந்த இடத்தில் இப்போது கால்பந்து அரங்கம் நிற்கிறது.

அடுத்த ஞாயிறு ஸ்பென்னிமூரிலிருந்து அந்தத் திசையில் நடந்து பார்த்தேன். முடிவில் தொழிற்பேட்டை, பூட்டிய கிடங்குகள், புல்மேடு. உங்களில் யாராவது இதுபோன்ற படங்களை நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

*

அக்கா, நான் நியூகாசிலில் படித்தபோது ஆஷிங்டன் பக்கம் உட்ஹார்ன் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறேன். அதுவே 1981இல் மூடப்பட்ட சுரங்கம்தான். கோபுரங்கள் அப்படியே நிற்கின்றன. ஆஷிங்டன் குழுவின் படங்கள் அங்கே இருக்கின்றன. 1934இல் ராபர்ட் லயன் என்ற ஆசிரியர் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கலைப் பாடம் நடத்த வந்தார். இத்தாலிய ஓவியங்களின் படங்களைக் காட்டினால் அவர்களுக்கு ஒட்டவில்லை. சரி, நீங்களே வரையுங்கள் என்று விட்டுவிட்டார். சுவருக்கு அடிக்கும் பெயின்டை அட்டையில் பூசி வரைந்தார்கள்.

ஆலிவர் கில்போர்ன் வரைந்ததில் ஒருவர் அரைக்கால் உள்ளாடையோடு கரியை வெட்டுகிறார். முதலில் கூச்சமாக இருந்தது. வெக்கையில் வேறு எதை உடுத்துவது என்று பிறகுதான் உறைத்தது. ஜிம்மி ஃபிளாய்டு வரைந்த புறாக்கூடுகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. நாள் முழுக்க மண்ணுக்கடியில் இருந்தவர்கள் மாலையில் வானத்தைப் பார்க்க ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

அங்கும் ஒரு முதியவர் என்னிடம் பேசினார். கரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எந்தப் புறா யாருடையது என்பதை மட்டும் சொன்னார்.

*

தம்பி, உட்ஹார்னுக்கு வரும் மாதம் போகிறேன். முடிந்தால் கார்னிஷ் படத்தின் முன்னால் பேசிய அந்தப் பெரியவரையும் அழைத்துப் போக ஆசை. அன்று விடைபெறும்போது அவர் கேட்டதை எழுத மறந்துவிட்டேன். படத்தின் ஓரத்தில் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கி ஓர் உருவம் நடக்கிறது. அதைக் காட்டி, "இவன் புதுப் பையன். பூட்ஸ் காலைக் கடிக்கிறது, தெரிகிறதா?" என்றார். குனிந்து பார்த்தேன். தெரிந்தது.