உதவி: 10 வாரக் குஞ்சு எடை ஏறலை, இறகைக் கொத்துதுங்க

பண்ருட்டிக்காரன்:
வெள்ளை லெகார்ன் முட்டை ரகம், 200 குஞ்சு. 5-ம் வாரத்துலேர்ந்து சொந்தத் தீவனம். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 60, தவிடு 15, மல்லாட்டைப் (வேர்க்கடலை) புண்ணாக்கு 23, தாது உப்பு 2. புரதம் 17 சதவீதம் வருது. ஆனா எடை அட்டவணைக்கு ரொம்பக் கீழே நிக்குது, இறகு சரியா மூடலை, வால் பக்கம் கொத்திக்குதுங்க. குடற்புழு மருந்து கொடுத்தாச்சு. இப்பவே லேயர் தீவனம் (முட்டை போடுற கோழிக்கானது) மாத்திடலாமா?

முதுநகர்:
கருவாட்டுத் தூள் 5 கிலோ சேருங்க தம்பி.

பாகூர் பண்ணை:
லேயர் தீவனம் வேண்டவே வேண்டாம். அதுல கால்சியம் 3 சதவீதத்துக்கு மேல, இந்த வயசுக்கு 1 போதும். கிட்னி கெட்டுடும்.

புரதம் 17 சரிதான், ஆனா அது 8 வாரத்துக்கு அப்புறம். அதுவரைக்கும் 20 வேணும். அதைவிடப் பெரிய குறை அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டுற துண்டுங்க. மல்லாட்டையில லைசின், மெத்தியோனின்னு ரெண்டு அமினோ அமிலமும் கம்மி. மக்காச்சோளத்துலயும் அதே லைசின்தான் இடிக்குது, அப்புறம் எங்கேர்ந்து ஈடு கட்டும்? உங்க கலவையில லைசின் 0.6 சதவீதம் கிட்ட, மெத்தியோனின் 0.25 கிட்டதான் வரும். குஞ்சுத் தீவனத்துல 1-ம் 0.4-ம் இருக்கணும். இறகு வளரக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்களான மெத்தியோனினும் சிஸ்டினும் வேணும். கொத்தலுக்கு இதுவும் ஒரு காரணம் (நெரிசலையும் வெளிச்சத்தையும் பாத்துக்குங்க).

எடை பிடிக்கிறவரை இப்படிப் போடுங்க: மக்காச்சோளம் 58, தவிடு 10, சோயாப் புண்ணாக்கு 20, மல்லாட்டை 10, தாது உப்பு 2, கூட டிஎல்-மெத்தியோனின் (தனியா விக்கிற மெத்தியோனின் தூள்) 100 கிராம். அந்த 100 கிராமை முதல்ல 2 கிலோ மாவுல கலந்துட்டு அப்புறம் மொத்தத்துல சேருங்க, இல்லன்னா ஒரே இடத்துல தங்கிடும். பச்சை சோயாவை அரைச்சுப் போடாதீங்க, செரிக்காது. எலும்புச் சட்டம் 12 வாரத்துக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சிடும், அதனால இந்த வாரமே மாத்துங்க.

பண்ருட்டிக்காரன்:
நன்றிண்ணே. புண்ணாக்கு செக்குல வாங்குறது. மழையில லேசா பூஞ்சை வாடை வருது, பரவாயில்லையா?

பாகூர் பண்ணை:
அதை முதல்லயே சொல்லக் கூடாதா! அஃப்ளாடாக்சின் (பூஞ்சை உண்டாக்குற விஷம்) இருந்தா ஈரல் போயிடும், எடையும் ஏறாது. அந்த மூட்டையைத் தொடவே தொடாதீங்க. செக்குப் புண்ணாக்குல எண்ணெய் தங்கும், புரதம் குறையும். உங்க 17 சதவீதப் புரதமே சந்தேகம்தான். செத்த குஞ்சு இருந்தா புதுச்சேரி குரும்பாப்பேட் கால்நடைக் கல்லூரியில காட்டுங்க.

கருவாட்டுத் தூள் நல்லதுதான், லைசினும் மெத்தியோனினும் தாராளம். உப்பு ஏறினா எச்சம் தண்ணியாப் போகும், அதான் பயம்.

முதுநகர்:
உப்பு போடாம காயவச்சது வேணும்னு காய வைக்கிறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைக்கணும். கடையில கேட்டா உப்புக் கருவாடுதான் தருவாங்க.